டிபி பாக்ஸில் வசனம், உள்ளே பைபாஸ்

போன வாரம் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு முழுக்கக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிபி பாக்ஸின் கதவைத் திறந்ததும் உள் தகட்டில் பளபளவென்று ஒரு வசன ஸ்டிக்கர். "கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பார்." தகட்டைக் கழற்றினேன். கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை நிறுத்துகிற ஆர்சிசிபி புத்தம் புதிதாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மெயினிலிருந்து வந்த வயர் அதைத் தொடாமலே நேராக ஒவ்வொரு லைனுக்குமான எம்சிபி சுவிட்சுகளுக்குப் போயிருந்தது.

வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட்டையும் திறந்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்க வேண்டிய பச்சை எர்த் வயரை அழகாகச் சுருட்டிப் பெட்டியின் மூலையில் செருகி வைத்திருந்தார்கள். எதிலும் மாட்டவில்லை. அந்த மெஷினைத்தான் அந்த வீட்டு ஆச்சி ஈரக்காலோடு தொட்டிருக்கிறார். தூக்கி வீசியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதற்கு எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வயரிங் செய்தது யார் என்று கேட்டேன்.

நம் சபைத் தம்பிதான். பாடகர் குழுவில் நல்ல குரல். போனில் கூப்பிட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டான்: "அண்ணாச்சி, அந்த ஆர்சிசிபி சும்மா சும்மா ட்ரிப் ஆச்சு. வீட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க, அதான் பைபாஸ் பண்ணிட்டேன். எர்த்தைக் கடைசியில மாட்டலாம்னு இருந்தேன், அன்னைக்கு நாலு மணிக்குப் பாட்டுப் பிராக்டிஸ்." இந்த வருஷத்தில் இது எனக்கு மூன்றாவது. மூன்று வீட்டிலும் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள், ஜெபிக்கிற பிள்ளைகள். அதனால்தான் எழுதுகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கிறிஸ்தவர்களாகிய நம்மிடம் ஒரு பழக்கம் ஆழமாக ஊறிப் போயிருக்கிறது. வாழ்க்கையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோம். காலை ஒன்பது முதல் ஐந்து வரை "உலக வேலை", அதற்குப் பிறகு "ஊழியம்". பிரசங்கம், பாட்டு, கைப்பிரதி, ஞாயிறுப் பள்ளி எல்லாம் கர்த்தருக்கு. வயர் இழுப்பது, கொத்து வேலை, கணக்கு எழுதுவது, ஊசி போடுவது எல்லாம் வயிற்றுக்கு. அதனால் நாலு மணி அடித்தால் டெஸ்டிங்கை அப்படியே விட்டுவிட்டுப் பிராக்டிஸுக்கு ஓடலாம், மனசாட்சி குத்தாது. பெரியதுக்காகச் சின்னதை விட்டதாக உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு!

இந்தக் கோட்டை யார் போட்டது? வேதத்தில் நான் தேடிப் பார்த்தவரை இல்லை. கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் "எதைச்செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனத்தைக் காலண்டரில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது யாருக்குச் சொன்னது என்று அதற்குச் சற்று முன்னால் வருகிற வசனத்தைப் பாருங்கள். போதகர்களுக்கல்ல, வேலைக்காரருக்கு. அந்தக் காலத்து அடிமைகள். தண்ணீர் சுமந்தவர்கள், அடுப்பெரித்தவர்கள். அவர்கள் வேலையைச் சொல்லும்போது நம் தமிழ் வேதாகமம் என்ன சொல் போட்டிருக்கிறது தெரியுமா? "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்." ஊழியம்! நாம் மேடைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற அதே சொல், அங்கே அடுப்படிக்கு.

"பார்வைக்கு" என்கிற சொல்லை எங்கள் தொழிலுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. சுவிட்ச் பிளேட் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், வீட்டுக்காரர் மெச்சுவார். பிளேட்டுக்குப் பின்னால் ஜாயின்ட் தளர்ந்து கிடக்கும். பைப்புக்குள் ஒட்டுப் போட்ட வயரை இழுத்துச் சுவரைப் பூசிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் வேலையில் முக்கால்வாசி பூச்சுக்குள் போய்விடும். அங்கே நாங்கள் என்ன செய்தோம் என்பது செய்தவனுக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

யாத்திராகமம் 31இல் ஆசரிப்புக் கூடாரம் செய்த பெசலெயேலை நினைத்துக்கொள்ளுங்கள். தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் அவனைப் பற்றிச் சொல்கிறார். எதற்கு? பொன் வேலைக்கு, கல் வெட்ட, மரம் செதுக்க. ஏதேனில் மனுஷனுக்குத் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கிற வேலை கொடுக்கப்பட்டது பாவம் நுழைவதற்கு முன்னால். பவுல் கூடாரம் தைத்தார். நாசரேத்தில் இயேசுவை எல்லாரும் அறிந்திருந்தது தச்சனாகத்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது உபாகமம் 22:8. புது வீடு கட்டினால் மெத்தைக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல். "நான் ஜெபித்துக்கொள்கிறேன், நீ சுவர் கட்டாதே" என்று கர்த்தர் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தக் கைப்பிடிச்சுவரின் பெயர் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும்.

"விசுவாசமில்லாமல் பேசுறீங்க அண்ணாச்சி" என்று ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், கீழே குதி என்று இயேசுவிடம் சங்கீதம் 91ஐ எடுத்துக் காட்டியது யார், பிசாசுதானே என்று அவரைக் கேட்டேன். பதில் வரவில்லை. 2005 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரில், ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்ட போதகர் ஒருவர் சபையார் கண்முன்னே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரம். கரண்டுக்குச் சபையும் தெரியாது, சந்தையும் தெரியாது.

சபைக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "கோயில் வேலைதானே, பாதி ரேட்டில் முடித்துக் கொடுங்கள்" என்கிறீர்கள். பாதி ரேட்டுக்கு வருகிறவன் கேபிளையும் பாதி கனத்தில்தான் போடுவான். கால்டுவெல் கட்டிய இடையன்குடி ஆலயத்தை 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். அவசரப்படாத ஆட்கள்.

நான் மட்டும் யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். வயர் வாங்கும் கடையில் கமிஷன் வாங்கி, வீட்டுக்காரரிடம் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்ட வருஷங்கள் எனக்கும் உண்டு. அப்போதும் ஞாயிறு தவறாமல் தசமபாகம் போட்டேன். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று வாசித்தபோதெல்லாம் அது மளிகைக் கடைக்காரருக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்மஸ் வருகிறது, நமக்கு மழையும் அப்போதுதான். ஸ்டார் கட்டுகிறவர்களே, செல்லோ டேப் சுற்றிய ஜாயின்ட்டை மழையில் தொங்கவிடாதீர்கள். இரும்புக் கம்பத்தில் வயரைச் சுற்றாதீர்கள். தெருக் கம்பியில் கொக்கி போடாதீர்கள். திருட்டுக் கரண்டில் எரிகிற பெத்லகேம் நட்சத்திரம் யாருக்கு வழி காட்டும்? ஆம்ப்ளிஃபயரில் "ஹம்" சத்தம் வருகிறது என்று பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடும் சவுண்ட் தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். மைக் பிடிப்பவரின் உதடு அந்த மைக்கில்தான் இருக்கிறது. தொட்டியில் நிற்கிறவர் கையில் வயர் மைக் கொடுக்கவே கூடாது. வீட்டில் ஆர்சிசிபி இருந்தால் மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள். விழுந்துகொண்டே இருந்தால் அது ஏதோ சொல்கிறது, வாயை அடைக்காதீர்கள். வீட்டுக்காரர்களே, "சட்டென்று முடி" என்று நீங்கள் தலைமேல் நின்றால் அவனும்தான் என்ன செய்வான்?

சனிக்கிழமை அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். கேட் விளக்கில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது, அதுதான் ட்ரிப்புக்குக் காரணம். கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எர்த் எல்லாவற்றையும் அவன் கையாலேயே மாட்டவைத்தேன். முடிக்கும்போது மணி நாலரை. அவனும் போனைப் பார்க்கவில்லை, நானும் பிராக்டிஸைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு ஆச்சி டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உள் தகட்டை மாட்டும்போது தம்பி தயங்கினான். "அண்ணாச்சி, இந்த ஸ்டிக்கரை எடுத்துரவா?"

"எடுக்காதே. ரெண்டு இஞ்ச் மேலே தள்ளி ஒட்டு, டெஸ்ட் பட்டன் மறையுது பாரு."