ராணுவக் குவார்ட்டர்ஸ்: கதவில் ஒட்டிய காகிதத்துக்கு 12 நாள்தான்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மா, மஞ்சள் பையிலிருந்து முதலில் எடுத்து வைத்தது, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கணவரின் டிஸ்சார்ஜ் புக். அப்புறம் பென்ஷன் ஆர்டர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளின் மார்க் ஷீட். குவார்ட்டர்ஸைக் காலி செய்வது பற்றி வந்த நோட்டீஸ் எங்கே என்றால் செல்போனை நீட்டினார். பொங்கலுக்கு மகளோடு ஊருக்கு வந்தவர், ஆற்றுத் திருவிழாவும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கியிருக்கிறார். நீலகிரியில் பூட்டிவிட்டு வந்த குவார்ட்டர்ஸ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அது நோட்டீஸே இல்லை, காலி செய்யச் சொல்லும் உத்தரவு. நோட்டீஸ் முன்பே வந்து ஃப்ரிட்ஜ் மேல் கிடந்திருக்கிறது. உத்தரவு ஒட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"நான் கையெழுத்துப் போட்டு வாங்கவே இல்லையே சார், செல்லுமா?"

செல்லும். வெளிக்கதவில் ஒட்டுவதையே சட்டம் சொல்கிறது.

இந்த வீடுகளுக்கு வாடகைச் சட்டம் கிடையாது. பொருந்துவது 1971-ம் ஆண்டின் பொது வளாகச் சட்டம். எஸ்டேட் ஆபீசர், அதாவது அரசு வீடுகளிலிருந்து வெளியேற்ற அதிகாரம் உள்ளவர், விளக்கம் கேட்டு நோட்டீஸ் தருவார், பிறகு 5-ம் பிரிவில் உத்தரவு போடுவார். அதன்மேல் 12 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் அப்பீல். எந்த மாவட்டம் என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாந்து போகிறார்கள். கடலூர் கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம் என்று வருகிறார்கள். வீடு எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டம்தான். இவருடைய வீடு நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் இருப்பதால் ஊட்டிக்குப் போக வேண்டும். சாதாரண சிவில் வழக்கும் போட முடியாது, 15-ம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பணிக்காலத்துக்கென்று கொடுத்த வீடுகளுக்கு 3 வேலை நாளில் விளக்கம் கேட்டு வெளியேற்றும் சுருக்கு வழியும் உண்டு.

"இருபத்திரண்டு வருஷம் எல்லையில நின்னவரு வீட்டையா காலி பண்ணச் சொல்றாங்க?" என்று கேட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் கோர்ட்டில் அது நிற்காது. அரசு வீடு பணியில் இருப்பவர்களுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இருந்தவர், காஷ்மீருக்குத் திரும்ப முடியாத நிலையில் இருந்த ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி. அவருக்கே கிடைக்கவில்லை. அதனால் நாம் வீட்டைக் கேட்கவில்லை, நாளைக் கேட்டோம். மகளின் பள்ளிச் சான்றோடு அன்றிரவே கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டேன். பரீட்சை முடியும்வரை அவகாசம் கிடைத்தது.

டேமேஜ் ரெண்ட், அதாவது அனுமதி முடிந்த பிறகும் தங்கியதற்கான கூடுதல் வாடகை மட்டும் குறையவில்லை. அனுமதித்த காலம் முடிந்த மறுநாளிலிருந்து அது ஏறியிருந்தது. "யூனிட்ல பேசிட்டோம், பாத்துக்கலாம்னாங்க" என்று கணவர் சொல்லியிருக்கிறார். பேசியது காகிதம் ஆகாது. கெடு முடியும் முன்பே நீட்டிப்பு கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கியிருந்தால் என் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நாளைக் கடத்துபவர்களும் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100-க்குப் போன் செய்தால் போதும்.

ஏப்ரலில் வீட்டை ஒப்படைத்தபோது ஃபேன், டியூப் லைட், கதவுத் தாழ்ப்பாள் வரை எம்.இ.எஸ். (ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் பொறியியல் பிரிவு) ஆட்கள் எண்ணிப் பார்த்தார்களாம். எண்ணி முடித்ததும், தேதி போட்ட ஒப்படைப்புச் சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார். இந்த முறை படம் இல்லை, அசலையே மஞ்சள் பையில் கொண்டுவந்து காட்டினார்.