வாடகைக்கு ஓடிய மின்சார காரை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பேட்டரியின் நிலையை அளந்து பார்த்த பிறகு, காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகு. இந்த இரண்டுக்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நிறையப் பேர் ஓட்டிய வண்டி, பேட்டரி தேய்ந்திருக்கும் என்பதுதான் பொதுவான பயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு சார்ஜில் 400 கி.மீ. போகும் கார் 60,000 கி.மீ. ஓடியிருந்தால், பேட்டரி கடந்தது 150 முழுச் சுற்றுகள்தான். இன்றைய லித்தியம் பேட்டரிகள் பொதுவாக ஆயிரம் சுற்றுகளையாவது தாங்கும். இரும்பு பாஸ்பேட் கலந்த எல்எஃப்பி வகை அதைவிட நன்றாகவே தாங்கும். ஓடிய தூரத்தைவிட, ஓடாமல் நின்ற விதமே அதிகம் கெடுக்கிறது. அடுத்த வாடிக்கையாளருக்குத் தயாராக இருக்கட்டும் என்று 100 சதவீதம் ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவைத்தால், குறிப்பாக நிக்கல் கலந்த என்எம்சி செல்கள் சும்மா நிற்கும்போதே மூப்படையும். பழைய தலைமுறை நிசான் லீஃப் போல பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லாத கார்களில் இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம்.

வாடகை நிறுவனம் விற்கிறது என்றாலே பேட்டரி போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2021-இல் ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாகச் சொன்ன அமெரிக்க வாடகைக் கார் நிறுவனம் ஹெர்ட்ஸ், 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சார கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. அது சொன்ன காரணங்களில் முக்கியமானது விபத்துப் பழுதுச் செலவு. நீங்களும் அந்தத் திசையில்தான் தேட வேண்டும்.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நாள் வாடகைக்கு விட்ட காரா, டாக்சி ஓட்டுநருக்கு மாதக்கணக்கில் கொடுத்த காரா? இரண்டாவது என்றால் தினமும் நீண்ட ஓட்டம், பெரும்பாலும் பொது நிலையங்களில் டிசி வேக சார்ஜிங்; பேட்டரிக்கு உழைப்பு அதிகம். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் பரவலாக இருந்தாலும், வணிகப் பயன்பாட்டுக்கு அதைக் குறைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. சேஸி எண்ணைக் கொடுத்து, மிச்ச உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். விற்பவரின் வாய்வார்த்தை போதாது.

இனி பேட்டரி. டேஷ்போர்டு காட்டும் ரேஞ்சை நம்ப வேண்டாம். பல கார்களில் அது கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. மெக்கானிக்குகள் பழுது பார்க்கப் பயன்படுத்தும் ஓபிடி போர்ட்டில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, அந்த மாடலுக்கான செயலியில் எஸ்ஓஹெச் எனப்படும் ஆரோக்கியச் சதவீதத்தை, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்பதை, பாருங்கள். பாதி சார்ஜில், கார் நின்றிருக்கும்போது, செல்களின் மின்னழுத்த வித்தியாசம் 20–30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்கலாம். சில மாடல்களில் பேட்டரியிலிருந்து இதுவரை வெளியேறிய மொத்த யூனிட்டும் (kWh) கிடைக்கும். அதை ஓடோமீட்டர் கிலோமீட்டரால் வகுங்கள். சாதாரண காருக்கு கி.மீ.க்கு 0.15 முதல் 0.25 யூனிட் வரை வரும். 0.4 வந்தால், ஓடோமீட்டரில் கை வைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

எஸ்ஓஹெச் என்பது காரின் கணினி போடும் கணிப்புதான். அதனால் சார்ஜ் ஏற்றியும் அளக்க வேண்டும். 60 யூனிட் பேட்டரியை 10-லிருந்து 90 சதவீதம் வரை ஏசி சார்ஜரில் ஏற்றினால் உள்ளே போக வேண்டியது 48 யூனிட். வழியில் பத்து சதவீதத்துக்கு மேல் வீணாவதால் மீட்டரில் 53–55 ஓட வேண்டும். 45-தான் ஓடியது என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 50 யூனிட்டாகச் சுருங்கியிருக்கிறது. ஒரே இரவில் முடியும் சோதனை இது. இதைத் தவிர்க்காதீர்கள். டிசி சார்ஜரிலும் 20 சதவீதத்தில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பேட்டரி குளிர்ந்திருந்தால் வேகம் குறைவது இயல்பு, நன்றாக ஓட்டிவிட்டுப் போன பிறகும் குறைந்தால் இயல்பல்ல.

லிஃப்டில் பார்க்க வேண்டியது பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு. வாடகைக்கு எடுப்பவர் நடைமேடை விளிம்பிலும் வேகத்தடையிலும் உரசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. உள்வாங்கிய பள்ளம், விளிம்புச் சீலில் விரிசல், குளிரூட்டித் திரவக் கசிவு, புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்ட், இவற்றில் எது இருந்தாலும் அந்தக் கார் வேண்டாம். தண்ணீர் உள்ளே போய் மின்காப்பு கெட்டால், பேட்டரியையே மாற்றச் சொல்லும் நிலை வரலாம்.

சார்ஜ் போர்ட்டின் பின்களில் கருகல், பிளாஸ்டிக் உருகல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எடையும் உடனடித் திருப்புவிசையும் டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷன் அடிபட்டிருக்கலாம். மின்சார காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே செய்கிறது; பிரேக் அதிகம் பயன்படாததால் டிஸ்க்கில் துரு பிடித்திருக்கலாம். 12 வோல்ட் பேட்டரி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் மாற்றுச் செலவை விலையில் கழியுங்கள்; அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது.

பணம் கொடுக்கும் முன், வாடகை நிறுவனத்தின் கணக்கிலிருந்து கார் விடுவிக்கப்பட்டு, தயாரிப்பாளரின் செயலியில் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாடு, கண்காணிப்புக் கருவி போன்றவை இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். இரண்டு சாவியும் வீட்டில் சார்ஜ் செய்யும் கேபிளும் கையில் வந்துவிட்டனவா என்று பாருங்கள். வாடகைக் கார்களில் முதலில் காணாமல் போவது அந்தக் கேபிள்தான்.