அலிகரி: வேற ஒண்ணைப் பேசி வேற ஒண்ணைச் சொல்றது

கார்ட்டூன்ல மரம் வெட்டுறவன் வில்லனா வந்துட்டா போதும், உடனே ஒரு கூட்டம் "இது ப்ராபகண்டா"ன்னு கிளம்பிரும், இன்னொரு கூட்டம் "சப்லிமினல் மெசேஜ், பிள்ளைங்களை மூளைச்சலவை பண்றாங்க"ன்னு கிளம்பும். ரெண்டு பேரும் சொல்ல வர்ற விஷயத்துக்குன்னே ஒரு சொல் தனியா இருக்கு, அதைத்தான் யாரும் எடுக்கிறதில்ல. அலிகரி. மேல ஒரு கதையை முழுசா கதையாவே சொல்லிட்டுப் போவாங்க, அதுக்கு அடியில முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இன்னொரு கதை கூடவே ஓடிட்டு இருக்கும், அந்த ரெண்டாவது கதையைப் பத்தி யாரும் வாயே திறக்கமாட்டாங்க. அங்கங்க ஒரு உவமை வந்து போனா அது அலிகரியில சேராது, கதை நெடுக ஓடணும்.

மூலம் கிரேக்கம். 'அல்லோஸ்'னா வேற, மற்றது. 'அகோரெயுவெய்ன்'னா சபையில பேசுறது, ஊர் கூடுற சந்தைவெளிக்கு அங்க 'அகோரா'ன்னு பேரு, அதுல இருந்து வந்த வினைச்சொல். சேத்துப் பாத்தா, ஊர் முன்னாடி நின்னு வேற ஒண்ணைப் பேசுறது. இந்த 'ஊர் முன்னாடி'ங்கிற பாதி எனக்கு ரொம்ப முக்கியமா தோணுது, ஏன்னா காதுல குசுகுசுன்னு சொன்னா அது வெறும் ரகசியம், இது எல்லார் காதுலயும் விழற மாதிரி சத்தமா சொல்லணும், ஆனா பிடிக்கிறவன் மட்டும் பிடிச்சுக்குவான். அங்க இருந்து லத்தீன், லத்தீன்ல இருந்து பிரெஞ்சு, 14ஆம் நூற்றாண்டு கடைசிவாக்குல இங்கிலீஷ். கி.பி. முதல் நூற்றாண்டுல ரோம்ல பேச்சுக்கலை சொல்லிக்குடுத்த குவின்டிலியன், சொல்லால ஒண்ணையும் கருத்தால இன்னொண்ணையும் காட்டுறதுன்னு சுருக்கமா இதுக்கு விளக்கம் எழுதி வெச்சிருக்காரு.

ஆனா கிரேக்கத்துலயே இதுக்கு முன்னாடி வேற சொல் இருந்துச்சு, 'ஹுபோனோயா', அதாவது அடியில கிடக்கிற கருத்து. பழைய ஆளுங்க ஹுபோனோயான்னு சொன்னதைத்தான் இப்ப அலிகரிங்கிறாங்கன்னு கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க்கே எழுதியிருக்காரு. ஹோமர் கதையில சாமிங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறதைப் பாத்து சங்கடப்பட்டவங்க, இல்லப்பா அது சூடும் குளிரும், ஈரமும் வறட்சியும் மோதுறதுன்னு வியாக்கியானம் பண்ணாங்க, கி.மு. 6ஆம் நூற்றாண்டுல ஹோமருக்கு உரை சொன்ன தியாஜினிஸ்ல இருந்தே அது இருக்கு. பிளேட்டோ அதை ஒத்துக்கல. குடியரசு நூல்ல ரெண்டாம் பகுதியில அவர் வைக்கிற வாதம் நம்ம விஷயத்துக்கு நேரா வருது: உள்ள ஹுபோனோயா இருக்கோ இல்லியோ இந்தக் கதையெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லக்கூடாது, ஏன்னா எது உள்கருத்து எது வெறும் கதைன்னு சின்ன வயசுல பிரிக்கத் தெரியாது, அந்த வயசுல உள்ள போனது லேசுல அழியவும் அழியாது. கிட்டத்தட்ட ரெண்டாயிரத்து நானூறு வருஷம் கழிச்சு நாம டிவியை வெச்சு அதே சண்டையைத்தான் போட்டுக்கிட்டு இருக்கோம்.

சரி, நிஜமான அலிகரி எப்படி இருக்கும்? எனக்குத் தெரிஞ்சு குடும்பத்தோட உக்காந்து பாக்குற ஷோவுல இதைவிட சுத்தமான உதாரணம் கிடையாது. 1991ல இருந்து 1994 வரைக்கும் அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல 'டைனோசர்ஸ்'னு ஒரு காமெடி சீரியல் வந்துச்சு, ஜிம் ஹென்சன் கம்பெனிக்காரங்க பண்ணின பொம்மை உடுப்பு போட்ட டைனோசர் குடும்பம், அப்பா, அம்மா, மூணு பிள்ளைங்க, அதுல சட்டியால அப்பா மண்டையில அடிக்கிற கைக்குழந்தை ஒண்ணு. அப்பா ஏர்லுக்கு வேலை 'விசேசோ'ங்கிற பெரிய கம்பெனியில மரத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. கம்பெனி பேரை இங்கிலீஷ்ல பிரிச்சுச் சத்தமா வாசிச்சுப் பாருங்க, 'வீ சே ஸோ', 'நாங்க அப்படித்தான் சொல்றோம்'னு வரும். குடும்பப் பேரு சின்க்ளேர், முதலாளி பி.பி. ரிச்ஃபீல்ட், நண்பன் ராய் ஹெஸ், மாமியார் எத்தில் பிலிப்ஸ். சின்க்ளேர், ரிச்ஃபீல்ட், ஹெஸ், பிலிப்ஸ் எல்லாமே அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பேரு, பி.பி. பிரிட்டிஷ் கம்பெனி, எத்தில் பெட்ரோல்ல கலந்த ஈயச் சரக்கோட பேரு. சின்க்ளேர் கம்பெனியோட சின்னமே ஒரு பச்சை டைனோசர். இதை ஒருத்தரும் ஷோவுல நின்னு விளக்கல. பிள்ளைங்க சட்டியடிக்குச் சிரிச்சிட்டு இருந்துச்சுங்க.

1994 ஜூலைல வந்த 'சேஞ்சிங் நேச்சர்' எபிசோட்ல ஒரு வகை வண்டு வருஷா வருஷம் கூட்டமா வந்து ஒரு கொடியைத் தின்னுட்டுப் போகும், அந்த வருஷம் வரல, ஏன்னா அதுங்க இனம் பெருக்குற சதுப்பு நிலத்துல விசேசோ மெழுகுப்பழ ஃபேக்டரி கட்டிருச்சு. வண்டு இல்லன்னதும் கொடி ஊரெல்லாம் படருது. அதைச் சரி பண்ண ஏர்லைப் பொறுப்புல போடுறாங்க, அவர் மருந்தடிக்கச் சொல்றாரு, கொடியோட சேந்து உலகத்துல இருக்கிற அத்தனை செடியும் செத்துப்போகுது. செடி வளர மழை வேணும், மழைக்கு மேகம் வேணும், எரிமலையில இருந்துதான் மேகம் வருதுன்னு கணக்குப் போட்டு எரிமலைக்குள்ள குண்டு போடுறாங்க, வந்த மேகம் சூரியனையே மறைச்சிருது, பனி கொட்ட ஆரம்பிக்குது. முதலாளிக்குக் கவலையே கிடையாது, கம்பளியும் ஹீட்டரும் அமோகமா விக்குது. ஏர்ல் வீட்டுல உக்காந்து பிள்ளைங்ககிட்ட மன்னிப்பு கேக்குறாரு, வெளிய வீடு பனியில மூழ்கிட்டு இருக்கு. கதையில பூமி குளிர்ந்து போகுது, சூடாகல. ஆனா 1994ல அதைப் பாத்த பெரியவங்க யாருக்கும் அது எதைப் பத்தின்னு விளக்க வேண்டியிருந்திருக்காது. ஒண்ணைச் சொல்லி மத்ததை விட்டுட்டாங்க, விட்டதுதான் விஷயம்.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அகராதியைப் புரட்டினா 'உருவகக் கதை'ன்னு போட்டிருக்கும். தப்புன்னு சொல்லமாட்டேன், ஆனா இடிக்குது. உருவகத்துல ரெண்டு பொருளும் கண்ணுக்கு முன்னாடி நிக்கும், முகத்தாமரைன்னா முகமும் இருக்கு தாமரையும் இருக்கு, ஒளிஞ்சு எதுவும் இல்ல. ஆகமொத்தம் 'உருவகக் கதை' அலிகரியில ஒரு வகைக்குத்தான் பொருந்தும், வில்லன் நெத்தியிலயே லேபிள் ஒட்டி வர்ற வகை. 1678ல ஜான் பன்யன் எழுதின கதையில வர்ற ராட்சசன் பேரே நம்பிக்கையிழப்புதான், அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல இரட்சணிய யாத்திரிகம் பாடினாரு, அதை நம்ம பாடப்புத்தகத்துல 'முற்றுருவகக் காப்பியம்'னு சொல்லுவாங்க. நல்ல சொல் அது, முற்றுருவகம். தமிழ் பைபிள்ல கலாத்தியர் நிருபத்துல இதே கிரேக்கச் சொல் வர்ற இடத்துல "ஞான அர்த்தமுள்ளவைகள்"னு மொழிபெயர்த்திருக்காங்க, அது பக்திக்குச் சரி, டைனோசருக்கு ஒட்டாது.

லேபிள் ஒட்டாத வகைக்குத் தமிழ்ல ரெடியா ஒரு சொல் கிடக்கு: பிறிதுமொழிதல். பிறிது, மொழிதல். கிரேக்கத்துல அல்லோஸ், அகோரெயுவெய்ன். யாரும் யாரையும் பாத்து காப்பியடிச்ச மாதிரி தெரியல, சமஸ்கிருதத்துலயும் 'அந்யோக்தி'ன்னு இதே கட்டுமானம்தான். ஸ்கூல்ல அணி இலக்கணம் படிச்சவங்களுக்கு அந்தக் குறள் ஞாபகம் இருக்கும், "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்". மயிலிறகுதானேன்னு அளவுக்கு மீறி ஏத்தினா வண்டியோட அச்சு முறிஞ்சிரும், அவ்வளவுதான் குறள்ல இருக்கு. ராஜா, பகைவன், படைன்னு ஒரு வார்த்தை கிடையாது. சின்னச் சின்ன எதிரிங்கன்னு அலட்சியமா இருந்தா மொத்தமா சேந்து வந்து சாச்சிருவாங்கன்னு நாமதான் எடுத்துக்கணும். தண்டியலங்காரம் இதை ஒட்டணிங்குது, இதுக்கு இன்னொரு பேரும் உண்டு, 'நுவலா நுவற்சி', சொல்லாத சொல்லு. எனக்குப் பிடிச்சது இதுதான், ஆனா டிவி விமர்சனத்துல எழுதினா எடிட்டர் வெட்டிருவாரு, அதனால பிறிதுமொழிதலே போதும்.

பழைய ஹுபோனோயாவுக்கும் நம்மகிட்ட சொல் உண்டு, உள்ளுறை. தொல்காப்பியம் சொல்ற உள்ளுறை உவமத்துக்கு ஒரு விதி இருக்கு, தெய்வத்தை விட்டுட்டு அந்த நிலத்தோட மத்த கருப்பொருள்ல இருந்துதான் எடுக்கணும், செடி, பறவை, மிருகம் இப்படி. ஐங்குறுநூறுல ஓரம்போகியார் தலைவனோட ஊரைப் பத்தி, தாய் சாகப் பிறக்குற நண்டும் பெத்த பிள்ளையைத் தின்னுற முதலையும் இருக்கிற ஊருன்னு சொல்லிட்டுப் போவாரு. ஊர் வர்ணனை மாதிரி தெரியும், விழற அடி தலைவன் மேல. நண்டையும் முதலையையும் பேசவிட்டா அப்படியே கார்ட்டூன்.

இப்ப முதல்ல சொன்ன ரெண்டு சொல்லையும் கழிச்சிரலாம். சப்லிமினல்னா உணர்வோட வாசப்படிக்குக் கீழ, கண்ணுக்கே தெரியாத வேகத்துல ஒரு ஃப்ரேம் போட்டுக் காட்டுறது. 1957ல ஜேம்ஸ் விக்கரின்னு ஒரு விளம்பரக்காரர் தியேட்டர்ல இப்படிப் பண்ணி பாப்கார்ன் விக்க வெச்சதா அடிச்சுவிட்டாரு, பிறகு அது புருடான்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அலிகரி வெட்டவெளிச்சத்துல நிக்கிறது, ஃப்ரேமை நிறுத்திப் பாத்துக் கண்டுபிடிக்க எதுவும் இல்ல. ப்ராபகண்டாவுக்குப் பரப்புரை, பிரச்சாரம்னு சொல் இருக்கு, அது ஒளிய வேண்டியதே இல்ல. 1990ல டிவி முதலாளி டெட் டர்னர் யோசனையில வந்த சுற்றுச்சூழல் கார்ட்டூன் 'கேப்டன் பிளானட்'டைத்தான் இந்தப் பேச்சுல எல்லாரும் இழுப்பாங்க, அதுல என்னங்க ஒளிஞ்சிருக்கு? வில்லன் பேரு லூட்டன் ப்ளண்டர், கொள்ளைன்னு ரெண்டு தடவை சொல்ற பேரு, இன்னொருத்தன் ஹாகிஷ் க்ரீட்லி, பேராசை பேர்லயே இருக்கு, எபிசோட் முடிஞ்சதும் குப்பையைக் குறை, தண்ணியை மிச்சம் பண்ணுன்னு நேரா பிள்ளைங்களைப் பாத்துச் சொல்லிருவாங்க. கதை அளவுல முற்றுருவகம், நோக்கத்துல சுத்தமான பிரச்சாரம், நல்ல பிரச்சாரம்னே வெச்சுக்கலாம். அதுல ஒளிஞ்சிருந்த அரசியல்னா லிங்கான்னு ஒரு பொண்ணு, முதல்ல சோவியத் யூனியன்காரி, நாடே இல்லாமப் போனதும் சத்தமில்லாம கிழக்கு ஐரோப்பாக்காரி ஆயிட்டா.

கடைசியா ஒரு குழப்பம் இருக்கு, ஆசிரியர் வெச்சது ஒண்ணு, நாம போட்டுப் பாக்குறது ஒண்ணு. 1999ல அமெரிக்கப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் நடத்தின பத்திரிகை, டெலிடப்பீஸ்ங்கிற சின்னப் பிள்ளைங்க ஷோவுல வர்ற டிங்கி விங்கி ஊதா கலரு, தலையில முக்கோணம், கையில பை, அதனால அது ஓரினச்சேர்க்கைச் சின்னம்னு பெத்தவங்களை எச்சரிச்சுச்சு. குட்டி நீல ஆளுங்க வர்ற ஸ்மர்ஃப்ஸுக்கும் இதே கதி, அப்பா ஸ்மர்ஃப் போட்டிருக்கிறது சிவப்புத் தொப்பி, எல்லாரும் ஒரே உடுப்பு, காசே கிடையாது, அப்ப கம்யூனிசம்தான்னு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, 2011ல அந்துவான் புவேனோன்னு பிரான்ஸ்காரர் ஒருத்தர் ஸ்டாலின் சாயலும் நாஜி சாயலும் இருக்குன்னு புத்தகமே போட்டாரு. வேடிக்கை என்னன்னா, ஸ்மர்ஃப்ஸை உருவாக்கின பெயோ 60கள்லயே நேரடி அரசியல் கதை ஒண்ணை காமிக்ஸா போட்டிருக்காரு, பிற்பாடு கார்ட்டூன்லயும் ராஜா ஸ்மர்ஃப் வந்துச்சு. காமிக்ஸ்ல அப்பா ஸ்மர்ஃப் மூலிகை தேடி வெளிய போயிருப்பாரு, அந்த நேரத்துல தலைவன் யாருன்னு தேர்தல் வைக்கிறாங்க, ஒருத்தன் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் அவங்கவங்களுக்குப் பிடிச்ச மாதிரி வாக்குறுதி குடுத்து ஜெயிச்சு, தங்கக் கலர் உடுப்பு மாட்டிக்கிட்டு, அரண்மனை கட்டி, கிண்டல் பண்ணினவனைப் பிடிச்சு ஜெயில்ல போடுவான். கலகம் வெடிச்சு ஊரே சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போது பெரியவர் திரும்பி வந்து, மனுஷங்க மாதிரி நடந்துக்கிட்டீங்களேன்னு திட்டுவாரு. இவ்வளவு பச்சையா ஒரு கதை இருக்கும்போது ஆளுங்க தொப்பிக் கலரைத் தோண்டிக்கிட்டு இருக்காங்க.

அதனால எழுதும்போது ராஜா ஸ்மர்ஃப் கதைக்கும் டைனோசர் எபிசோடுக்கும் தாராளமா 'பிறிதுமொழிதல்'னு போடுங்க, கேப்டன் பிளானட்டுக்கு 'முற்றுருவகம்', தொப்பி, முக்கோணம், கைப்பை வகையறாவுக்கு 'உள்ளுறை தேடல்'. பேச்சுல அலிகரின்னே சொன்னாலும் யாரும் கோவிச்சுக்கமாட்டாங்க.