டிரேட்மார்க் பதிவாகிவிட்டது, காவலுக்கு யார்?

இந்த மாதமும் ஒருவர் வந்தார். கையில் பதிவுச் சான்றிதழ். அவர் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே சரக்குக்கு இன்னொருவர் பதிவே வாங்கிவிட்டார். "நான் முதலிலேயே பதிந்தேனே, ஆபீஸில் எப்படி விட்டார்கள்?" என்கிறார்.

விடுவார்கள் ஐயா. பதிவு அலுவலகம் உங்கள் வாட்ச்மேன் இல்லை. இந்தியாவில் அதிகாரி பழைய சின்னங்களைத் தேடிப் பார்ப்பார், உண்மைதான். ஆனாலும் சில நழுவும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, உங்கள் சின்னத்தோடு மோதுகிறது என்று தானாக எதையும் மறுக்கவே மாட்டார்கள்; நீங்கள் எதிர்த்தால்தான் பார்ப்பார்கள். அதற்குத்தான் விண்ணப்பத்தை ஜர்னலில், அதாவது பதிவு அலுவலகத்தின் அறிவிப்பு இதழில், வெளியிட்டு எதிர்ப்புச் சொல்ல அவகாசம் தருகிறார்கள்: இங்கே 4 மாதம், அங்கே 3 மாதம். அமெரிக்காவில் 30 நாள், கேட்டால் நீட்டிப்பு உண்டு. என்னிடம் வந்தவரோ ஜர்னல் என்ற ஒன்று இருப்பதையே கேள்விப்படவில்லை. இனி ரத்து மனுதான். காசும் காலமும் கூடுதலாகப் போகும்.

திரும்பவும் சொல்கிறேன். பதிவு தருவது தடுக்கும் உரிமையை. தடுக்க வேண்டியவர் நீங்கள். போலீஸோ பதிவாளரோ கடை கடையாக ஏறி உங்கள் பெயரைத் தேட மாட்டார்கள். எதிராளி தான் பதிந்த பெயரைப் பயன்படுத்துவது தெரிந்தும் 5 ஆண்டு தொடர்ந்து சும்மா இருந்தால், அவர் கெட்ட எண்ணத்தோடு பதிந்தார் என்று காட்டினாலொழிய, அதை ரத்து செய்யக் கேட்கும் உரிமையே போய்விடும். "வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வரும் ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை: படிவம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. வாராவாரம் ஜர்னலைப் பாருங்கள், பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தில் தப்புவது காதில் மாட்டும். வகுப்பு எண் (சரக்கையும் சேவையையும் பிரிக்கும் எண்) வேறு என்று தாண்டாதீர்கள். 25இல் ஆடை, 35இல் ஆடைக்கடை; இரண்டும் மோதலாம்.

கோபத்தில் நோட்டீஸ் அடிக்கவும் வேண்டாம். எதிராளி உங்கள் பதிவுக்கும் பயன்பாட்டுக்கும் முன்பிருந்தே அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால், நம் டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கும். ஆதாரமில்லாத மிரட்டலென்றால் 142ஆம் பிரிவின் கீழ் அவரே உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

பதிவு செய்து கொடுத்தவரிடம், ஜர்னல் கண்காணிப்பும் அவர் ஃபீஸில் அடங்குமா என்று இன்றே கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது. அந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குச் சாட்சியான முதல் பில், முதல் விளம்பரம், எதையும் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.