ஷாக் வேவ்: அதிர்வலையா, அதிர்ச்சி அலையா?

ஷாக் வேவுக்குத் தமிழ் தேடுமுன், அது பிறக்கும் வேகத்தைக் குறிக்கும் சொல்லைப் பார்ப்போம்: டிரான்ஸோனிக். லத்தீனில் டிரான்ஸ் என்றால் கடந்து, சோனஸ் என்றால் ஒலி. விமானவியல் அறிஞர்கள் தியோடர் வான் கார்மானும் ஹியூ டிரைடனும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு எஸ் வேண்டுமா, ஒன்று போதுமா என்று பேச்சு வந்து, கடைசியில் ஒன்றே நின்றது. ஒலிவேகத்தில் சுமார் 0.8 மடங்கிலிருந்து 1.2 மடங்கு வரையான வட்டாரம் அது. அங்கே விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றில் ஒரு பகுதி ஒலியை முந்தியிருக்கும், மற்றது பின்தங்கியிருக்கும்.

திருச்சியில் சிங்கப்பூருக்கு ஏறும் நம் காரைக்குடிக்காரர்களும் இந்த எல்லையை ஒட்டித்தான் பறக்கிறார்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலிவேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். விமானம் போவது அதில் 0.78 மடங்கில். ஆனால் இறக்கையின் மேல்வளைவில் காற்று விரைந்து ஒலியைத் தாண்டிவிடும். தாண்டிய வேகம் மெல்லத் தணிவதில்லை, ஓரிடத்தில் சட்டென்று விழும். அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் அங்கே ஒரே தாவலில் ஏறும். அந்தத் தாவல்தான் ஷாக் வேவ். தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. உச்சி வெயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், இறக்கையின் நீளவாக்கில் மெல்லிய நிழல்கோடாக அது தெரிவதுண்டு.

நிறைந்த கம்மாயில் உபரிநீர் வழியும் கலுங்கைப் பாருங்கள். தண்ணீர் சரிவில் மெலிந்து விரைந்து இறங்கி, அடியில் குபுக்கென்று உயர்ந்து நுரைக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த மேடு மட்டும் இடம் மாறாது. அந்த நீர்மேட்டுக்கும் ஷாக் வேவுக்கும் கணக்குகூட கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அதிர்வலை' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அதிர்வு என்றால் திரும்பத் திரும்ப ஆடுவது. இது ஒரே ஓர் அடி, ஆகவே 'அதிர்ச்சி அலை'தான் பொருந்தும். நிஜமான அதிர்வு அப்புறம்தான் வருகிறது. வேகம் கூடக்கூட அதிர்ச்சி அலை வலுத்துப் பின்னோக்கி நகரும். இறக்கையை ஒட்டிய காற்றடுக்கு அதன் அடியில் பிய்ந்து கிளம்பும். பிறகு அலை முன்னும் பின்னும் அலைபாய, இறக்கை உதறும். ஆங்கிலத்தில் பஃபெட் என்பார்கள் (பந்தி பரிமாறும் பஃபே அல்ல!). அதிர்வை அதற்கு விட்டுவைக்கலாம்.

டிரான்ஸோனிக்குக்கு 'ஒலிகடப்பு வேகம்' என்பது என் ஓட்டு. ஒலியை மிஞ்சிய வேகமான சூப்பர்சோனிக்குக்கு வெறும் 'மீயொலி' போதாது, 'மீயொலிவேகம்' என்றே எழுத வேண்டும். வெறும் மீயொலியை வயிற்று ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.