பங்கர்: பதுங்குகுழியா, நிலவறையா?

வெளியுதவி இல்லாமல் மாதக்கணக்கில் வாழ்வதற்கான ‘self-sustaining bunker’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பங்கர்’ என்றதும் குண்டுவீச்சுதான் நினைவுக்கு வரும். சொல் பிறந்ததோ வீட்டுக்குள்ளே. 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வழக்கில் அது உட்காரும் பலகை, சாமான் போட்டுவைக்கும் பெட்டியும் அதுவே. பிறகு கப்பலில் நிலக்கரி கொட்டிவைக்கும் அறை, கோல்ஃப் திடலின் மணற்பள்ளம் என்று ஊர் சுற்றிவிட்டு, உலகப்போர்களின் காலத்தில்தான் ராணுவத்தில் நிலைத்தது.

தமிழில் சட்டென்று வருவது பதுங்குகுழி. ஈழப்போர்க் காலத்தில் அன்றாடம் புழங்கிய சொல். வீட்டு வளவில் ‘ட’ வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடுவார்கள். ‘ட’வின் ஒரு பக்கத்தில் குண்டுச் சிதறல் பாய்ந்தாலும் மறு பக்கத்தில் இருப்பவர் தப்பலாம், அதற்குத்தான் அந்த மடக்கு. ஷெல்லடி ஓயும்வரை குந்தியிருக்க அது போதும். மாதக்கணக்கில் சமைத்து, உறங்கி, பிள்ளை வளர்க்கும் இடத்தைக் குழி என்பது பொருந்தவில்லை.

அதற்கு என் ஓட்டு நிலவறைக்கு. அறை என்றாலே ஆள் புழங்கும் இடம். நிலத்தடிப் பாதையைக் குறிக்கும் சுருங்கை என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகார மதுரையில் யானைக் கூட்டமே சுருங்கை வீதி வழியாகப் போகிறது. ஆனால் அது வழி, தங்குமிடம் இல்லை. போதாக்குறைக்கு, குழாயைக் குறிக்கும் ‘சிரிங்க்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்கிறார்கள்.

சரி, ‘self-sustaining’ என்ற அடைமொழிக்கு? ‘தன்னிறைவு’ என்று பலர் எழுதுகிறார்கள். குறையில்லாமல் இருப்பு வைத்திருந்தாலே அது தன்னிறைவுதான். தீரத்தீரத் தானே ஆக்கிக்கொள்வது தற்சார்பு. தண்ணீரையும் தானியத்தையும் அடுக்கி வைத்துவிடலாம், காற்றில்தான் சிக்கல். ஒரு ஆள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அடைத்த அறையில் ஆக்சிஜன் தீரும் முன்பே அது தேங்கித் தலைவலியும் மயக்கமும் தரும். சுண்ணாம்பு கலந்த வேதிப்பொருள் அதை உறிஞ்சும். அதுவும் தீர்ந்துபோகும் சரக்குதான். மாற்று வேண்டுமானால் செடி வளர்க்க வேண்டும், அதற்கு விளக்கு, விளக்குக்கு மின்சாரம்.

செடி இருந்தாலும் கணக்கு பிசகலாம். 1991இல் அரிசோனாவின் ‘பயோஸ்பியர் 2’ என்ற, காற்றுப் புகாமல் அடைத்த கண்ணாடிக் கூடத்துக்குள் 8 பேர் இரண்டாண்டு வாழப் போனார்கள். அது தரைக்கு மேலே இருந்தது, ஆனாலும் பாடம் ஒன்றே. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயு செடிக்குப் போகாமல் கான்கிரீட் சுவரில் ஊறியது. 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் சுமார் 14 சதவீதத்துக்கு இறங்க, 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. சொல்லைக் கறாராகப் பார்த்தால், தற்சார்பு என்ற அடைமொழியை அது அன்றே இழந்துவிட்டது.