உப்பு ஏறினால் இலை ஏன் வாயை மூடுகிறது?

"கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் முற்றத்து மாமரம் இலை நுனி கருகி நிற்கிறது. வாவிக்கரைக் கண்ணா (கண்டல் மரம்) மட்டும் பச்சையாக இருக்கிறதே, ஏன்?" என்று மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அயலில் நாவூறு என்கிறார்களாம். நாவூறை விடுங்கள், கிணற்று நீரையும் மண்ணையும் பாருங்கள்.

மண்ணில் உப்புக் கூடினால் ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது. பிரசாரணம், பள்ளியில் படித்ததுதான். ஆக, உப்பும் வறட்சியும் மரத்துக்கு முதலில் ஒரே தாகம்தான். தாகம் எடுத்ததும் என்சிஇடி என்ற பரம்பரையலகு (மரபணு) வேகமாக இயங்குகிறது. அதன் நொதியம் கரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினொயிட்டுக் குடும்பத்துச் சேர்வை ஒன்றை வெட்ட, அந்தத் துண்டிலிருந்து அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் உருவாகிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். இலைவாய் என்பது இலையிலிருந்து நீராவி வெளியேறும் நுண்துளை, அதை இருபுறமும் நின்று திறந்து மூடுபவை காவற்கலங்கள். இலைவாயை மூடவைக்கும் நொதியம் காவற்கலத்துக்குள் எப்போதும் தயாராகவே இருக்கிறது. பிபி2சி என்ற இன்னொரு நொதியம்தான் அதைக் கயிற்றில் கட்டிய எருமை மாதிரி அடக்கி வைத்திருக்கிறது. ஓமோன் வந்து, அதை உணர்வதற்கென்றே உள்ள ஒரு வாங்கிப் புரதத்தின் குழிக்குள் அமர்கிறது. உடனே குழியின் வாயிலுள்ள வளையம் மடிந்து மூட, புரதத்தின் மேற்பரப்பே மாறிவிடுகிறது. அந்தப் புதுப் பரப்பில் பிபி2சி ஒட்டிக்கொண்டு செயலிழக்கிறது. சரி, எருமை அவிழ்ந்தது! விடுபட்ட நொதியம் கலமென்சவ்வின் வாயிலைத் திறக்க, குளோரைட்டு வெளியேறும், அப்புறம் பொற்றாசியம், அதன் பின்னால் நீர். காவற்கலங்கள் துவண்டு இலைவாய் மூடிக்கொள்ளும். புதிதாக எதையும் கட்டத் தேவையில்லாததால் எல்லாம் நிமிடக்கணக்கில் முடிகிறது. ஓமோனை 1960களிலேயே கண்டுபிடித்தார்கள். இந்த வாங்கியோ 2009இல்தான் பிடிபட்டது.

இந்த ஏற்பாடு மாமரத்திடமும் உண்டு. ஆனால் இலைவாயை மூடினால் காபனீரொட்சைட்டும் உள்ளே வராது, வளர்ச்சி குன்றும். மூடுவதால் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். வெண்கண்டல் போன்ற கண்ணா மரங்களோ உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுக்கின்றன, தப்பி வந்ததை இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளுகின்றன.

பாப்லர் மரத்தில் வாங்கிப் பரம்பரையலகைக் கூடுதலாக இயக்கி, வறட்சி தாங்கும் திறனை உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வாவியை வைத்திருக்கும் நாம் நம் கண்டல்களின் பரம்பரையலகுகளைப் படிக்கத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்து மாணவர்களுக்கு ஆய்வுப்பொருள் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

வாசகிக்கு: மாரி மழைநீரை மாமரத்தடியில் தேங்கி இறங்க விடுங்கள், வேர்ப்பக்கத்து உப்பு கீழே கழுவுப்படும். கோடையில் அடியில் சருகு பரப்பி ஈரத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.